வரிசை மாறினால் இணைப்பு அறுபடும்: சி கம்பைலர் கட்டளையை எழுதும் முறை

சி மொழி பழகுகிறவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்டே தீரும் கேள்வி இது: "நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. நண்பனின் கணினியில் ஓடுகிறது. என்னுடையதில் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று சொல்லி நின்றுவிடுகிறது. லைப்ரரி பெயரையும் கொடுத்துத்தான் இருக்கிறேன். எங்கே தப்பு?"

முதலில் பார்க்க வேண்டிய இடம் நிரல் இல்லை, கட்டளை வரி. அதில் கோப்பு முன்னே இருக்கிறதா, லைப்ரரி முன்னே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கட்டளையை ஒரு கம்பைலர் மன்னித்து ஏற்கும், இன்னொன்று ஏற்காது. எதை எந்த இடத்தில் எழுத வேண்டும், ஏன் அங்கே எழுத வேண்டும் என்று ஒருமுறை புரிந்துகொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆப்ஷன்களில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பொருள் வேறு. 'சிறிய எல்' லைப்ரரியின் பெயரைச் சொல்கிறது, 'பெரிய எல்' லைப்ரரி இருக்கும் ஃபோல்டரைச் சொல்கிறது. குழப்பம் வரக்கூடிய இடங்களில் சிறியது, பெரியது என்று சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

லிங்கர் திரும்பிப் பார்ப்பதில்லை

ஜிசிசி என்று நாம் தட்டச்சு செய்வது உண்மையில் ஒரு மேற்பார்வையாளர். அது நிரலை அசெம்பிளியாக்கும் பகுதியையும், அசெம்பிளரையும், கடைசியாக லிங்கரையும் அடுத்தடுத்து அழைக்கிறது. நாம் எழுதிய கோப்புகளையும் லைப்ரரிகளையும் அதே வரிசையில் லிங்கரிடம் ஒப்படைக்கிறது. வரிசைச் சிக்கலில் பெரும்பகுதி பிறப்பது இங்கேதான்.

கீழே உள்ள இரண்டு கட்டளைகளைப் பாருங்கள். இங்கே '-எல்எம்' என்பது சிறிய எல், அதாவது கணித லைப்ரரி.

ஜிசிசி -எல்எம் கணக்கு.சி -ஓ கணக்கு

ஜிசிசி கணக்கு.சி -ஓ கணக்கு -எல்எம்

இரண்டாவது எங்கும் ஓடும். முதலாவது சில இடங்களில் ஓடும், சில இடங்களில் விழும்.

குனு லிங்கர் இடமிருந்து வலமாக ஒருமுறைதான் நடக்கும். கையில் ஒரு பட்டியல் வைத்திருக்கும்: 'இந்த ஃபங்ஷன் வேண்டும், இன்னும் கிடைக்கவில்லை' என்ற பட்டியல். ஆப்ஜெக்ட் கோப்பைச் சந்தித்தால் அதை முழுதாக எடுத்துக்கொள்ளும். அது கேட்கும் பெயர்கள் பட்டியலில் ஏறும். '.ஏ' என்று முடியும் ஸ்டாட்டிக் லைப்ரரியைச் சந்தித்தால், அந்த நேரத்தில் பட்டியலில் இருக்கும் பெயர்களுக்குத் தேவையான துண்டுகளை மட்டும் எடுக்கும். மீதியை விட்டுவிட்டு நகர்ந்துவிடும். கடைத்தெருவில் ஒரே நடையாகப் போகிறவர் கையிலுள்ள சீட்டில் அந்த நேரம் எழுதியிருப்பதை மட்டும் வாங்குவதுபோல. கடையைத் தாண்டிய பிறகு சீட்டில் புதிதாக எழுதினால் அது வாங்கப்படாது.

முதல் கட்டளையில் கணித லைப்ரரி வரும்போது பட்டியலில் கணித ஃபங்ஷன் எதுவும் இல்லை. லிங்கர் ஒன்றும் எடுக்காமல் தாண்டிவிடுகிறது. பிறகு கணக்கு.சி வந்து வர்க்கமூலம் கேட்கிறது. கொடுக்க ஆள் இல்லை.

இதிலிருந்து வரும் விதி ஒன்றுதான்: கேட்பவர் முன்னே, கொடுப்பவர் பின்னே. மூலக் கோப்பு முதலில், அது நம்பியிருக்கும் லைப்ரரி அடுத்து, அந்த லைப்ரரி நம்பியிருக்கும் லைப்ரரி அதற்கும் பின்னால்.

இந்த நடைமுறை யூனிக்ஸின் தொடக்கக் காலத்திலிருந்து வருகிறது. 16 பிட் பிடிபி-11 போன்ற நினைவகம் குறைந்த கணினிகளில் எல்லா லைப்ரரிகளின் பெயர்களையும் ஒருசேர நினைவில் வைத்திருப்பது கட்டுப்படியாகாது. ஒரு லைப்ரரிக்கு உள்ளே இருக்கும் துண்டுகளைக்கூட வரிசைப்படுத்தித்தான் அடுக்க வேண்டியிருந்தது. 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அதற்காகவே லார்டர், டிசார்ட் என்ற கருவிகள் இருந்தன. ரேன்லிப் என்ற கருவி லைப்ரரிக்கு ஒரு பெயரட்டவணை போட்டுக் கொடுத்த பிறகு, உள்வரிசைக் கவலை போனது. லைப்ரரிகளுக்கு இடையிலான வரிசைக் கவலை மட்டும் இன்றுவரை நீடிக்கிறது.

ஒரு கணினியில் ஓடி மற்றதில் விழுவது ஏன்?

வரிசை தவறாக இருந்தும் நிரல் ஓடிவிடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. இவற்றைத் தெரிந்துகொண்டால்தான் 'எனக்கு ஓடுகிறதே' என்ற பேச்சு ஓயும்.

முதல் காரணம், '.எஸ்ஓ' என்று முடியும் ஷேர்டு லைப்ரரி. இதிலிருந்து துண்டு துண்டாக எடுக்கும் வேலை இல்லை. முன்னால் எழுதினாலும் லிங்கர் அதைக் குறித்துக்கொள்ளும், பின்னால் வரும் கேள்விக்கும் அதிலிருந்து பதில் கிடைத்துவிடும். ஆனால் '--ஆஸ்-நீடட்' என்ற லிங்கர் ஆப்ஷன் இருந்தால் கதை மாறும். அதுவரை வந்த கோப்புகளுக்குத் தேவைப்படாத ஷேர்டு லைப்ரரியை அது ஒதுக்கிவிடும். உபுண்டு 11.10 பதிப்பிலிருந்து, அதாவது 2011இலிருந்து, இந்த ஆப்ஷன் அங்கே இயல்பாகவே செயல்படுகிறது. இந்த அமைப்பு இல்லாத லினக்ஸில் ஓடிய கட்டளை உபுண்டுவில் விழுவதற்கு இதுவே பெரிய காரணம்.

இரண்டாவது, கம்பைலரின் முன்கணக்கு. 2இன் வர்க்கமூலம் என்று நிரலில் எண்ணையே நேரடியாக எழுதியிருந்தால், ஜிசிசி விடையைத் தானே கணக்கிட்டு எழுதிவிடும். ஃபங்ஷனைக் கூப்பிடும் தேவையே எழாது. கணித லைப்ரரியைக் கொடுக்காவிட்டாலும் நிரல் ஓடும். பயனரிடமிருந்து எண்ணை வாங்கும்படி அதை மாற்றிய அன்றைக்குப் பிழை முளைக்கும். வரிசை முதலிலிருந்தே தவறு. வெளிப்பட்டது மட்டும் தாமதம்.

மூன்றாவது, அடிப்படை லைப்ரரியின் அமைப்பு. மேக் கணினியில் கணித ஃபங்ஷன்கள் கணினியின் பொது லைப்ரரியோடு சேர்ந்தே கிடைக்கின்றன. லினக்ஸில் 2021இல் வந்த ஜிலிப்சி 2.34 பதிப்பு, திரெட் லைப்ரரியையும் டைனமிக் லோடிங் லைப்ரரியையும் முதன்மை சி லைப்ரரிக்குள் சேர்த்துவிட்டது. ஆகவே புதிய லினக்ஸில் திரெட் லைப்ரரியை எங்கே எழுதினாலும், எழுதாமலே விட்டாலும் ஓடும். அதே கட்டளையைப் பழைய சர்வரில் கொடுத்தால் ஓடாமல் போகலாம். கணித லைப்ரரி மட்டும் லினக்ஸில் இன்றும் தனியாகத்தான் இருக்கிறது.

லிங்கருக்கு லிங்கர் மாறும் குணம்

எல்எல்விஎம் குடும்பத்தின் எல்எல்டி லிங்கர், கடந்துவந்த லைப்ரரிகளில் என்னென்ன பெயர்கள் இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னால் வரும் கோப்பு கேட்டால் முன்னால் கடந்த லைப்ரரியிலிருந்தும் எடுத்துக் கொடுக்கும். மோல்ட் லிங்கரும் அப்படியே. ஆப்பிளின் லிங்கரும் ஸ்டாட்டிக் லைப்ரரிகளைத் திரும்பத் திரும்பத் தேடும். ஒரே லைப்ரரியை இருமுறை எழுதத் தேவையில்லை என்று அதன் கையேடே சொல்கிறது.

மைக்ரோசாஃப்ட்டின் லிங்கர் வேறொரு வழியில் போகிறது. ஒரு லைப்ரரித் துண்டு புதிய பெயரைக் கேட்டால், முதலில் அதே லைப்ரரியிலும், பிறகு அதற்கு அடுத்து வருபவற்றிலும், பிறகு கட்டளையின் தொடக்கத்தில் இருப்பவற்றிலும் சுற்றிவந்து தேடும்.

இந்தத் தாராளம் வசதியானதுதான். ஆனால் மேக்கிலோ விண்டோஸிலோ மட்டும் சோதித்த திட்டத்தை குனு லிங்கரிடம் கொண்டுபோகும்போது ஒளிந்திருந்த வரிசைத் தவறுகள் எல்லாம் ஒன்றாக வெளிவரும். எல்எல்டி பயன்படுத்துகிறவர்கள் '--வார்ன்-பேக்ரெஃப்ஸ்' என்ற ஆப்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னோக்கித் தேடிய இடங்களை அது எச்சரிக்கையாகச் சொல்லிவிடும்.

இதைவிடக் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இரண்டு லைப்ரரிகளில் ஒரே பெயரில் ஃபங்ஷன் இருந்தால், குனு லிங்கர் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் வராது. வரிசையை மாற்றினால் வேறு ஃபங்ஷன் உள்ளே வரும். நிரல் பிழையின்றி இணையும், ஆனால் வேறுமாதிரி நடந்துகொள்ளும். பிழை காட்டி நிற்கும் தவறை ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடலாம். இப்படிச் சத்தமில்லாமல் நடக்கும் தவறைப் பிடிக்க வாரக்கணக்கில் ஆகலாம். வரிசையை அலட்சியம் செய்யாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு முதன்மைக் காரணம் இதுதான்.

ஃபோல்டரைச் சொல்லும் பெரிய எல் ஆப்ஷனிலும் வேறுபாடு உண்டு. குனு லிங்கரில் அதை எங்கே எழுதினாலும் எல்லா லைப்ரரிகளுக்கும் பொருந்தும். சோலாரிஸ் லிங்கரில் அது தனக்குப் பின்னால் வரும் லைப்ரரிகளுக்கு மட்டுமே பொருந்தும். எனவே பெரிய எல் எப்போதும் சிறிய எல்லுக்கு முன்னால் இருக்கட்டும்.

விண்டோஸில்: சிஎல், மிங்டபிள்யூ, கிளாங்-சிஎல்

விஷுவல் சி கம்பைலரான சிஎல், ஆப்ஷன்களை எங்கே எழுதினாலும் ஏற்கும். ஒரே ஒரு விலக்கு '/லிங்க்'. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் லிங்கருக்கே போய்ச் சேரும். ஆகவே அது கடைசியில்தான் வர வேண்டும்:

சிஎல் /ஓ2 கணக்கு.சி உதவி.சி /லிங்க் /லிப்பாத்:நூலகம் வரைபடம்.லிப்

'/லிங்க்' என்பதற்குப் பின்னால் மூலக் கோப்பின் பெயரை எழுதினால் கம்பைலர் அதைத் தொடாது. கம்பைல் ஆகாத மூலக் கோப்பு நேரே லிங்கரின் கைக்குப் போகும். புரியாத பிழைச் செய்தி வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

சிஎல் வேறு இரண்டு இடங்களிலிருந்தும் ஆப்ஷன்களை எடுத்துக்கொள்கிறது. 'சிஎல்' என்ற பெயருள்ள சூழல் மாறியில் இருப்பது கட்டளையின் முன்னால் ஒட்டிக்கொள்ளும். இருபுறமும் அடிக்கோடு போட்ட 'சிஎல்' மாறியில் இருப்பது கட்டளையின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் எழுதாத ஆப்ஷன் செயல்படுகிறது என்று தோன்றினால் இந்த இரண்டையும் சோதியுங்கள்.

விஷுவல் சியிலிருந்து, விண்டோஸுக்கான ஜிசிசியான மிங்டபிள்யூவுக்கு மாறுகிறவர்கள் சந்திக்கும் சிக்கல் இன்னொன்று. விஷுவல் சியில் மூலக் கோப்புக்குள்ளேயே 'பிராக்மா காமென்ட்' என்ற வரியால் லைப்ரரி பெயரைக் குறித்துவிடலாம். கட்டளையில் எழுதத் தேவையில்லை. ஜிசிசி அந்த வரியைக் கண்டுகொள்ளாது. நெட்வொர்க் நிரல் எழுதுகிறவர்கள் வின்சாக் லைப்ரரியைத் தாங்களே கொடுக்க வேண்டும், அதுவும் கடைசியில்:

ஜிசிசி சர்வர்.சி -ஓ சர்வர்.எக்ஸி -எல்டபிள்யூஎஸ்2_32

மிங்டபிள்யூவில் டிஎல்எல்லுக்கான இம்போர்ட் லைப்ரரியும் '.ஏ' வகைக் கோப்புதான். லினக்ஸின் ஷேர்டு லைப்ரரியில் கிடைக்கும் சலுகை இங்கே கிடையாது. முன்னால் எழுதினால் நிச்சயம் விழும்.

கிளாங்-சிஎல் என்பது எல்எல்விஎம் குடும்பத்தின் கம்பைலரான கிளாங், சிஎல் போலவே ஆப்ஷன்களைப் படிக்கும் வடிவம். இதை மேக்கிலோ லினக்ஸிலோ ஓட்டும்போது ஒரு விசித்திரம் நடக்கும். சாய்கோட்டில் தொடங்கும் கோப்புப் பாதையை அது ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளலாம். மேக்கில் பயனர் ஃபோல்டர் '/யூஸர்ஸ்' என்று தொடங்குவதால், மேக்ரோவை நீக்கும் '/யூ' ஆப்ஷனாக அதைப் படித்துவிடும். கோப்புப் பெயர்களுக்கு முன்னால் இரட்டைக் கோடு '--' போட்டுவிட்டால், அதற்குப் பின் வருவதெல்லாம் கோப்புதான் என்று அதற்குப் புரியும்.

ஒன்றையொன்று நம்பியிருக்கும் லைப்ரரிகள்

'அ' லைப்ரரிக்கு 'ஆ' வேண்டும், 'ஆ'வுக்கு மறுபடி 'அ' வேண்டும் என்ற நிலை பெரிய திட்டங்களில் வரும். குனு லிங்கரில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, அ, ஆ, அ என்று முதல் லைப்ரரியை மறுபடி எழுதுவது. சிறிய திட்டத்துக்கு இது போதும். மற்றொன்று, '--ஸ்டார்ட்-குரூப்', '--எண்ட்-குரூப்' என்ற இரண்டுக்கும் நடுவில் அவற்றை வைப்பது. புதிதாக எந்தப் பெயரும் தீராத நிலை வரும்வரை லிங்கர் அந்தக் கூட்டத்தையே சுற்றிச் சுற்றித் தேடும். இவை லிங்கரின் ஆப்ஷன்கள் என்பதால், ஜிசிசி வழியாக அனுப்பும்போது முன்னால் '-டபிள்யூஎல்,' என்று பெரிய டபிள்யூ, சிறிய எல், கமா மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும்.

வரிசையைப் பற்றி யோசிக்காமல் எல்லா லைப்ரரிகளையும் கூட்டத்துக்குள் போட்டுவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். இணைப்பு நேரம் கணிசமாகக் கூடும் என்று குனு கையேடே எச்சரிக்கிறது. இரண்டு லைப்ரரிகள் ஒன்றையொன்று கேட்கின்றன என்றால், அவற்றைப் பிரித்த விதத்திலேயே கோளாறு இருக்கலாம். பொதுவான பகுதியை மூன்றாவது லைப்ரரியாக எடுத்துவைத்தால் சுழல் அறுந்துவிடும்.

தனக்குப் பின்னால் வருவதை மட்டும் பாதிக்கும் ஆப்ஷன்கள்

சில ஆப்ஷன்கள் தாங்கள் நிற்கும் இடத்திலிருந்து வலப்பக்கம் உள்ளவற்றை மட்டும் பாதிக்கும். நான்கை நினைவில் வையுங்கள்.

சிறிய எக்ஸ்: அடுத்து வரும் கோப்பு எந்த மொழி என்று சொல்கிறது. '-எக்ஸ் சி' என்று எழுதிய பிறகு ஆப்ஜெக்ட் கோப்பின் பெயர் வந்தால், அதையும் சி நிரல் என்று எண்ணிப் படித்து, அர்த்தமற்ற பிழைகளைக் கொட்டும். வேலை முடிந்ததும் '-எக்ஸ் நன்' என்று எழுதி நிறுத்துங்கள். எல்லாக் கோப்புகளுக்கும் பின்னால் இந்த ஆப்ஷனை எழுதினால் பலனில்லை. ஜிசிசியும் கிளாங்கும் அதை எச்சரிக்கையாகச் சொல்லும்.

'--ஹோல்-ஆர்க்கைவ்': இதற்குப் பின் வரும் லைப்ரரியை, தேவை இருக்கிறதோ இல்லையோ, முழுதாக உள்ளே இழுக்கும். உங்கள் லைப்ரரிக்கு அடுத்து '--நோ-ஹோல்-ஆர்க்கைவ்' என்று கட்டாயம் மூடுங்கள். ஜிசிசி கட்டளையின் கடைசியில் தன்னுடைய லைப்ரரிகளைத் தானே சேர்க்கிறது. மூடாவிட்டால் அவையும் முழுதாக உள்ளே வந்துவிடும்.

'-பிஸ்டாட்டிக்', '-பிடைனமிக்': ஒரு லைப்ரரியை மட்டும் ஸ்டாட்டிக்காகச் சேர்க்க முதலாவதை எழுதி, லைப்ரரி பெயரைக் கொடுத்து, உடனே இரண்டாவதை எழுதித் திரும்புங்கள்.

'--ஆஸ்-நீடட்': மேலே பார்த்ததுதான். இதுவும் தனக்குப் பின்னால் வரும் ஷேர்டு லைப்ரரிகளை மட்டுமே பாதிக்கும். லைப்ரரிகளைத் தாண்டி எழுதினால் வீண்.

டைனி சி கம்பைலரைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு சொல். அதில் '-ரன்' கொடுத்து நிரலைக் கம்பைல் செய்த கையோடு ஓட்டலாம். ஆனால் மூலக் கோப்பின் பெயருக்குப் பின்னால் எழுதுவதெல்லாம் நிரலுக்கான உள்ளீடாகப் போய்விடும். கம்பைலருக்கான ஆப்ஷன்கள் அனைத்தும் '-ரன்' என்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

முரண்படும் ஆப்ஷன்களில் யார் வெல்வது?

பொது விதி, கடைசியில் வருவது வெல்லும். பெரிய ஓவில் தொடங்கும் '-ஓ2', '-ஓ0' இரண்டையும் எழுதினால் பின்னால் இருப்பது எதுவோ அதுவே செல்லும். சிஎல்லும் வலக்கோடியில் உள்ளதையே எடுத்துக்கொள்ளும். முந்தையதை மீறிவிட்டதாக ஓர் எச்சரிக்கையும் தரும்.

ஆனால் எச்சரிக்கை ஆப்ஷன்களில் ஜிசிசியும் கிளாங்கும் பிரிகின்றன. முக்கியமான எச்சரிக்கைகளை எல்லாம் இயக்குவது '-டபிள்யூஆல்'. பயன்படுத்தாத மாறி பற்றிய எச்சரிக்கையை மட்டும் நிறுத்துவது '-டபிள்யூநோ-அன்யூஸ்டு-வேரியபிள்'. நிறுத்துவதை முன்னாலும் இயக்குவதைப் பின்னாலும் எழுதினால் என்ன ஆகும்? ஜிசிசியில், குறிப்பாகச் சொன்னது பொதுவாகச் சொன்னதை எப்போதும் வெல்லும், இடம் பொருட்டில்லை. ஆகவே எச்சரிக்கை வராது. கிளாங் இடமிருந்து வலமாக வாசிக்கும். கடைசியில் வந்த பொது ஆப்ஷன் அந்த எச்சரிக்கையை மீண்டும் இயக்கிவிடும். இரண்டிலும் ஒரே பலன் வேண்டுமென்றால் பொதுவானதை முன்னாலும் குறிப்பானதைப் பின்னாலும் எழுதுங்கள்.

மேக்ரோவை வரையறுக்கும் பெரிய டி, அதை நீக்கும் பெரிய யூ இரண்டிலும் இப்படித்தான். ஜிசிசி அவற்றை எழுதிய வரிசையிலேயே செயல்படுத்தும். போசிக்ஸ் தரநிலை சி99 என்ற பெயரில் ஒரு கம்பைலர் கட்டளையை வரையறுக்கிறது. 2024 பதிப்பில் அதன் பெயர் சி17. அந்தத் தரநிலைப்படி, ஒரே பெயருக்கு இரண்டும் வந்தால் வரிசை எதுவானாலும் நீக்குவதே வெல்லும். ஆகவே ஒரே மேக்ரோவுக்கு இரண்டையும் ஒரே கட்டளையில் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு.

அதே தரநிலை இன்னும் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்குகிறது. சிறிய எல் பார்க்க ஆப்ஷன்போல இருந்தாலும் அதைக் கோப்புகளின் வரிசையில் ஒன்றாகவே எண்ண வேண்டும், இடம் முக்கியம். பல ஒற்றையெழுத்து ஆப்ஷன்களை ஒரே கோட்டுக்குப் பின்னால் ஒட்டி எழுதினால் எல்லாக் கம்பைலர்களும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை, தனித்தனியாக எழுதுங்கள்.

ஹெடர் ஃபோல்டரைச் சொல்லும் பெரிய ஐ ஆப்ஷனில் முதலில் எழுதிய ஃபோல்டரே முதலில் தேடப்படும். ஒரே பெயரில் இரண்டு ஹெடர்கள் இருந்தால் இடப்பக்கம் இருப்பது வெல்லும். மற்ற ஆப்ஷன்களில் கடைசி வெல்ல, இங்கே முதலாவது வெல்கிறது. உங்கள் திட்டத்தின் ஃபோல்டரை முன்னாலும் பிறர் லைப்ரரிகளின் ஃபோல்டரைப் பின்னாலும் வையுங்கள்.

வெளியீட்டுப் பெயரைச் சொல்லும் சிறிய ஓ எங்கும் வரலாம். ஆனால் அதற்கு அடுத்த சொல் வெளியீட்டின் பெயராகவே இருக்க வேண்டும். அவசரத்தில் '-ஓ' என்று எழுதி, வெளியீட்டுப் பெயரை விட்டுவிட்டு மூலக் கோப்பின் பெயரை எழுதினால், அந்த மூலக் கோப்பின் மேலேயே கம்பைலர் எழுதிவிடக்கூடும். சிறிய ஓவையும் வெளியீட்டுப் பெயரையும் ஒருசேரத் தட்டச்சு செய்யும் பழக்கம் உங்கள் உழைப்பைக் காக்கும்.

மேக்ஃபைலில் எங்கே எழுதுவது?

கட்டளையை நேரடியாக எழுதாதவர்களும் இந்த விதிகளிலிருந்து தப்ப முடியாது. குனு மேக்கின் உள்ளமைந்த விதியில் 'எல்டிஃபிளாக்ஸ்' மாறி ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு முன்னால் வருகிறது. 'எல்டிலிப்ஸ்' மாறி பின்னால் வருகிறது. பெரிய எல் போன்றவை எல்டிஃபிளாக்ஸில், லைப்ரரி பெயர்களான சிறிய எல்கள் எல்டிலிப்ஸில். இணையத்தில் கிடைக்கும் மாதிரி மேக்ஃபைல்கள் பலவற்றில் இரண்டையும் எல்டிஃபிளாக்ஸிலேயே போட்டிருப்பார்கள். அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்.

கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டுக்கு லைப்ரரி கொடுக்கும்போதும் 'எல்டிஃபிளாக்ஸ்' வேண்டாம், 'லிப்ஸ்' மாறியில் கொடுங்கள். சிமேக்கில் 'டார்கெட்_லிங்க்_லைப்ரரிஸ்' வழியாகக் கொடுத்தால் வரிசையையும், ஒன்றையொன்று நம்பும் ஸ்டாட்டிக் லைப்ரரிகளையும் அதுவே பார்த்துக்கொள்ளும். லிங்கர் ஃபிளாக்ஸ் மாறியில் லைப்ரரி பெயரை எழுதினால் அது ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு முன்னால் போய் நின்றுவிடும்.

பிகேஜி-கான்ஃபிக் பயன்படுத்துகிறவர்கள் '--சிஃபிளாக்ஸ்', '--லிப்ஸ்' இரண்டையும் ஒரே அழைப்பில் மூலக் கோப்புக்கு முன்னால் எழுதிவிடுகிறார்கள். லைப்ரரிகளும் சேர்ந்து முன்னால் போய்விடுகின்றன. இரண்டு தனி அழைப்புகளாகப் பிரித்து, முதலாவதை மூலக் கோப்புக்கு முன்னும் இரண்டாவதைப் பின்னும் வையுங்கள்.

சிஃபிளாக்ஸ் மாறியைக் கம்பைல் கட்டளையில் மற்ற ஆப்ஷன்களுக்குப் பின்னால் வைக்கச் சொல்கிறது குனு திட்டத்தின் நிரல் நெறிமுறை. உங்கள் நிரலைக் கட்டுகிறவர் தனக்கு வேண்டியதைக் கொடுத்தால், கடைசியில் வருவது வெல்லும் என்ற விதிப்படி அவர் சொன்னது செல்ல வேண்டும் என்பதே காரணம்.

பிழை வந்தால் என்ன செய்வது?

ஊகித்து ஊகித்து இடம் மாற்றிப் பார்க்காதீர்கள். முறையாகத் தேடினால் சில நிமிடங்களில் பிடிபடும்.

முதலில், ஜிசிசி அல்லது கிளாங் கட்டளையில் '-###' என்று மூன்று ஹாஷ் குறிகளைச் சேருங்கள். எதையும் ஓட்டாமல், என்னென்ன கட்டளைகளை ஓட்டப்போகிறது என்று மட்டும் காட்டும். லிங்கருக்குப் போகும் கடைசி வரியில் உங்கள் கோப்பும் லைப்ரரியும் எந்த வரிசையில் நிற்கின்றன என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்து, எந்தப் பெயர் கிடைக்கவில்லை என்று பிழைச் செய்தியில் பாருங்கள். 'என்எம்' கருவியால் ஆப்ஜெக்ட் கோப்பையும் லைப்ரரியையும் சோதியுங்கள். பெயருக்கு முன்னால் 'யூ' என்றால் அது கேட்பவர். பெரிய 'டி' என்றால் ஃபங்ஷன் அங்கே இருக்கிறது, அது கொடுப்பவர். கொடுப்பவர் கேட்பவருக்கு வலப்பக்கம் நிற்கிறாரா? அவ்வளவுதான் கேள்வி.

அப்படியும் புரியாவிட்டால் லிங்கரின் மேப் கோப்பை எழுதச் சொல்லுங்கள். எந்த லைப்ரரித் துண்டு எந்தக் கோப்பின் தேவைக்காக உள்ளே வந்தது என்று குனு லிங்கர் அதன் தொடக்கத்திலேயே பட்டியலிட்டிருக்கும். ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருக்குமோ என்ற சந்தேகத்தையும் இதுவே தீர்க்கும். விஷுவல் சியில் லிங்கருக்கு '/வெர்போஸ்' கொடுத்தால் எந்த லைப்ரரியில் எதைத் தேடி எதை எடுத்தது என்று காட்டும்.

கட்டளை மிக நீண்டுபோனால், விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்ட் 8191 எழுத்துகளோடு நிறுத்திவிடும். அப்போது ஆப்ஷன்களை ஒரு கோப்பில் எழுதி, '@' குறியோடு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். ஜிசிசி, கிளாங், சிஎல் மூன்றும் இதை ஏற்கும். '@' நிற்கும் இடத்திலேயே கோப்பின் உள்ளடக்கம் விரிவதால், வரிசை விதிகள் அதற்கும் அப்படியே பொருந்தும்.

எங்கும் செல்லும் வரிசை

இவ்வளவையும் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை. கண்டிப்பான லிங்கருக்கு ஏற்ப எழுதினால் தாராளமான லிங்கரும் ஏற்கும். கீழே உள்ள வரிசையில் எழுதப் பழகுங்கள்:

1. கம்பைலரின் பெயர்.
2. மொழித் தரம், மேம்படுத்தல், பிழைநீக்கம் ஆகிய பொது ஆப்ஷன்கள்.
3. எச்சரிக்கை ஆப்ஷன்கள்: பொதுவானது முன்னே, குறிப்பானது பின்னே.
4. மேக்ரோக்கள்: பெரிய டி, பெரிய யூ.
5. ஹெடர் ஃபோல்டர்கள்: பெரிய ஐ. உங்களுடையது முதலில்.
6. சிறிய ஓவும் வெளியீட்டுப் பெயரும் ஒட்டியபடி.
7. மூலக் கோப்புகளும் ஆப்ஜெக்ட் கோப்புகளும்.
8. லைப்ரரி ஃபோல்டர்கள்: பெரிய எல்.
9. லைப்ரரிகள்: சிறிய எல். உங்கள் லைப்ரரி முதலில், அது நம்பியிருப்பது அடுத்து, கணித லைப்ரரி போன்ற அடிப்படைகள் கடைசியில்.

சிஎல்லுக்கு வெளியீட்டுப் பெயரை '/எஃப்இ' கொண்டு எழுதி, 8, 9 இரண்டையும் '/லிங்க்' என்பதற்குப் பின்னால் வையுங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்களையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மேக்ஃபைலைத் திறந்து, எல்டிஃபிளாக்ஸில் சிறிய எல் ஏதாவது இருந்தால் அதை எல்டிலிப்ஸுக்கு மாற்றுங்கள். பிறகு குனு லிங்கரில் '--ஆஸ்-நீடட்' என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் போட்டு ஒருமுறை கட்டிப் பாருங்கள். அதில் தேறினால், உங்கள் நிரலை எடுத்து வேறொரு கணினியில் கட்ட முயலும் முகம் தெரியாத மாணவருக்கு இந்தப் பிழையால் ஒரு மாலைப்பொழுது வீணாகாது.